தாழ்நிலத்தின் விளிம்பில் நடந்தவர்: இராபர்ட் புரூஸ் ஃபூட்

மணமேல்குடி என்றவுடன் தமிழ் பயில்வார் நெஞ்சில் முதற்கண் எழுவது குலச்சிறை நாயனாரின் பெயர். பாண்டியன் நெடுமாறனுக்கு அமைச்சராய் விளங்கிய அவர் தோன்றிய ஊர் அது. வரலாறு பயில்வார்க்கோ, பண்டு சோழ நாட்டிற்கும் பாண்டி நாட்டிற்கும் எல்லையாய் ஓடிய தென்வெள்ளாறு கடலொடு கலக்கும் இடத்தை அடுத்த ஊர் என்னும் நினைவு தோன்றும். யாம் ஈண்டு எழுதப் புகுந்தது இவ்விரண்டும் அன்று. அவ்வூரின் மண்ணுக்கு அடியில் ஒரு பெரும்பள்ளம் மறைந்து கிடக்கின்றது. மேலே நிற்பார்க்கு அது புலனாகாது. பனை நிற்கும் மணல்வெளியும், சேற்றுப் பரப்பும், பேரலை இல்லாத அமைதிக் கடலுமே கண்ணிற்படும். கிணறு தோண்டுவாரும் மணலையும் களியையும் காண்பரேயன்றிப் பாறையைக் காணார்.

இப்பள்ளத்தின் மேற்கு விளிம்பை ஊர் ஊராக நடந்து, கல்லைத் தட்டிப் பார்த்து, அடுக்குகளின் சாய்வை அளந்து எழுதி வைத்தவர் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் ஆங்கிலேயர். பல்லாவரத்துக் கற்கோடரியைக் கண்டெடுத்தவர் என்று அவரைப் பலரும் அறிவர். பள்ளிப் பாடநூல்களும் அந்த ஒரு செய்தியைக் கூறி அமைகின்றன. ஆயின், கோடரி அவர் வாழ்வின் ஒரு நாட் செய்தி. நிலமோ அவருடைய ஐம்பதாண்டு உழைப்பு. அவ்வுழைப்பையும், அதில் நம் கீழ்க்கரைத் தாழ்நிலம் பெற்ற இடத்தையும் எடுத்துரைப்பதே எம் நோக்கம்.

வாழ்க்கையைத் தொடங்குமுன் பள்ளம் என்பதைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். பழந்தமிழில் மேட்டு நிலத்திற்கு மிசை என்றும் தாழ்ந்த நிலத்திற்கு அவல் என்றும் பெயர் உண்டு. உழவர்க்கு அவல் என்பது நீர் தேங்கும் இடம்; நிலவியலார்க்கோ அது நில வரலாற்றின் ஏடு. உலகில் கண்ணாற் காணத்தக்க பெரும்பள்ளங்கள் பல உள. யோர்தான் ஆறு சென்று விழும் சவக்கடலின் கரை இன்று கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 430 மீட்டர் கீழே உள்ளது. உலர்ந்த நிலத்தில் அதனினும் தாழ்ந்த இடம் உலகில் இல்லை. மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அதன் கரையில் வாழ்ந்திருந்தும், அது கடலினும் தாழ்ந்தது என்பதை 1837ஆம் ஆண்டிற்கு முன் ஒருவரும் அளந்தறிந்திலர். அவ்வாண்டில் அங்குச் சென்ற பயணியர் இருவர் கலத்தில் நீரைக் காய்ச்சினர். கடற்கரையில் நீர் கொதிக்கும் வெப்பத்தினும் அங்குக் கொதிக்கும் வெப்பம் மிகுந்திருக்கக் கண்டு வியந்தனர். மலைமேல் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் என்பதும், பள்ளத்தில் அதற்கு மாறாகும் என்பதும் பௌதிகம் பயிலும் நண்பர்கள் அறிந்தனவே. சீனத்துத் துர்பான் பள்ளம் 154 மீட்டரும், ஆப்பிரிக்காவின் அசல் ஏரிக்கரை ஏறத்தாழ 155 மீட்டரும், எகிப்து நாட்டுக் கத்தாரா 133 மீட்டரும், அமெரிக்காவின் மரணப் பள்ளத்தாக்கு 86 மீட்டரும் கடலினும் தாழ்ந்தவை. நம் நாட்டில் கேரளத்துக் குட்டநாட்டு வயல்கள் கடல்மட்டத்திற்கு இரண்டு மீட்டர் வரை தாழ்ந்திருந்தும், வரம்பு கட்டி நீரிறைத்து அங்கே நெல் விளைக்கின்றனர்.

இவற்றுள் சவக்கடலும் அசல் ஏரியும் நிலத்தோடு விலகி இழுபட்டமையால் உண்டான பள்ளங்கள். அவை இன்னும் பள்ளமாகவே தோன்றுவதற்குக் காரணம் ஒன்றே: ஆண்டு மழை அற்பம், வண்டல் கொணர்ந்து நிரப்புதற்குரிய பேராறுகள் இல்லை. மழை மிக்க நாட்டிலே இவ்வாறு நிலம் பிளந்து தாழுமாயின், ஆறுகள் மண்ணைக் கொணர்ந்து கொட்டிக்கொண்டே இருக்கும். பள்ளம் தாழத் தாழ மண்ணும் நிரம்பும். கோடியாண்டு கழித்துப் பார்ப்பவன் சமவெளியையே காண்பான். நம் காவிரிப் படுகை இத்தகையது. படுகை என்னும் சொல் ஈண்டுச் சிலர்க்கு மயக்கம் தரலாம். காவிரிக்கு நீர் வழங்கும் நிலம் முழுவதையும் ஆற்றுப் படுகை என்பது ஒரு வழக்கு. அது குடகு மலையினின்று தொடங்கும். நிலவியலார் கூறும் படுகையோ, புதுச்சேரியிலிருந்து இராமநாதபுரம் வரை கரையோரமாயும் கடலடியாயும் கிடக்கும் நிரம்பிய பள்ளம். மணமேல்குடி இரண்டாவது பொருளிலேயே காவிரிப் படுகையைச் சேர்ந்தது.

நிற்க. ஃபூட் 1834ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இங்கிலாந்தில் செல்ற்றனம் என்னும் நகரில் பிறந்தார். தம் இருபத்து நான்காம் அகவையில், 1858ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், இந்திய நிலவியல் ஆய்வுத்துறையிற் சேர்ந்தார். அத்துறை 1851இல் தாமஸ் ஓல்டம் என்பாரின் தலைமையில் கல்கத்தாவில் நிறுவப்பட்டது. புகைவண்டிக்கும் நீராவிக் கப்பலுக்கும் நிலக்கரி தேடுதல் அதன் முதல் வேலை. சென்னை மாகாணத்திற்கென அமைந்த குழுவில் ஃபூட் இடம் பெற்றார். அக்குழுவின் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. அரியலூர்ப் பக்கத்தில் கடற்சிப்பிகளும் சுருள் நத்தைகளை ஒத்த அம்மோனைட்டுகளும் கல்லாகிக் கிடக்கும் அடுக்குகளை வகுத்து, உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பெயரிட்டவர் அவரே. கடலினின்று வெகு தொலைவிலுள்ள அரியலூர் ஒரு காலத்தில் கடலாயிருந்தது என்பது இதனால் ஐயமின்றி நிறுவப்பட்டது. காவிரிப் படுகையின் வட விளிம்பைக் கண்டவர் பிளான்ஃபோர்டு எனின், தென் விளிம்பைக் காணும் பணி பிற்காலத்தில் ஃபூட்டுக்கு வாய்த்தது எனலாம்.

1862இல் ஃபூட் மணம் புரிந்தார். மணமகள் பேதுரு பெர்சிவல் ஐயரின் மகளார் எலிசபெத்து அம்மையார். பெர்சிவல் ஐயரைத் தமிழ் மாணவர்க்கு அறிமுகப்படுத்த வேண்டுவதில்லை. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டு விவிலியத்தைத் தமிழில் பெயர்த்தவர்; தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டியவர்; பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராய் அமர்ந்தவர். மாமனார் தமிழ்ச் சொற்களைத் திரட்ட, மருகர் தமிழ்நிலத்துக் கற்களைத் திரட்டினார் என்பதை எண்ணுந்தோறும் எமக்கு உவகை பிறக்கின்றது. ஊரார் வாய்மொழி கேட்டு வழி அறிய வேண்டிய தொழிலில் இருந்த இளைஞர்க்கு அத்தகைய வீட்டுத் தொடர்பு பெருநன்மையாகவே இருந்திருக்கும்.

அந்நாளில் நிலவியலார் வேலை செய்த முறையை இன்று எண்ணிப் பார்த்தல் அரிது. மழைக்காலம் நீங்கியபின் கூடாரங்களை மாட்டு வண்டியிலேற்றிப் புறப்படுவர். கையில் ஒரு சுத்தியல். அடுக்குகளின் சாய்வை அளக்க ஒரு கோணமானி. ஓர் அங்குலத்துக்கு நான்கு மைல் வீதம் வரையப்பட்ட நிலப்படத்தின் ஓர் ஏடு. கிணற்றுச் சுவர், ஆற்றங்கரை, ஏரியின் கலிங்கு, சாலைக்கு மண்ணெடுத்த குழி ஆகிய இவையே அவர்க்குப் பள்ளிக்கூடம். நிலத்தைத் துளைத்துப் பார்க்கும் கருவி இல்லை. வானூர்தியினின்று எடுத்த படம் இல்லை. மேலே தெரிவதைக் கொண்டு கீழே இருப்பதை ஊகித்தல் ஒன்றே வழி. கோடை முற்றியபின் தங்குமிடம் திரும்பி, எழுதுவர்.

1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், சென்னைக்குத் தெற்கே பல்லாவரத்தில் படைத்திடலை அடுத்துச் செம்புறாங்கல் சரளை தோண்டிய குழியொன்றில் ஃபூட் ஒரு கருவியைக் கண்டெடுத்தார். குவார்ட்சைட்டுக் கல்லாலானது, மனிதன் கையால் இருபுறமும் செதுக்கப்பட்டது. அதற்கு நான்காண்டு முன்னர்தான், பிரான்சு நாட்டுச் சோம் ஆற்றங்கரையில் அழிந்துபட்ட விலங்குகளின் எலும்புகளொடு கிடைத்த கற்கருவிகள் உண்மையாகவே மனிதர் செய்தவை என ஆங்கில அறிஞர் ஒப்புக்கொண்டிருந்தனர். அதைப் படித்திருந்த ஃபூட்டின் கண் அக்குழியில் விழிப்பாயிருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங் என்னும் தோழரோடு இன்றைய திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்திற்குச் சென்று, மேலும் பல கருவிகளைக் கண்டார். அவ்விடத்துப் பழமையான கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுக்கு முற்பட்டவை என 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. ஃபூட் அத்துணைப் பழமையைக் கனவிலும் கருதியிருத்தல் இயலாது.

யாம் இங்கு வற்புறுத்த விரும்புவது கோடரியை அன்று. அது கிடந்த சரளை மண்ணைப் பற்றிய அவருடைய வினாவை. உயர்ந்த இடத்தில் வாழ்ந்த மனிதன் செய்த கருவி, கடற்கரைத் தாழ்நிலத்துச் செம்புறாங்கல்லில் எவ்வாறு புதைந்தது? அத்தாழ்நிலம் முழுவதும் அக்காலத்தில் கடலுள் மூழ்கியிருந்தது என்றும், சரளை கடலடியிற் படிந்தது என்றும் அவர் முதலிற் கருதினார். ஆயின், கடற்படிவு எனின் ஒரு சிப்பியேனும் கிடைத்தல் வேண்டும். ஆண்டு பல தேடியும் கிடைத்திலது. பின்னாளில் அவர் அக்கொள்கையினின்று விலகி, பெருமழையால் ஓடிய வெள்ளம் மேட்டினின்று அடித்துக் கொணர்ந்த படிவு எனக் கொள்ளத் தலைப்பட்டார். தாம் அச்சிட்டு வெளியிட்ட கருத்தைத் தாமே மாற்றிக் கொள்ளுதல் அறிஞர்க்கும் எளிதன்று. மேட்டினின்று மண் இறங்கித் தாழ்நிலத்தை நிரப்புகின்றது என்னும் இந்த எண்ணமே, பிற்பட்ட அவருடைய கீழ்க்கரை ஆராய்ச்சிக்கு ஏற்ற கண்ணாடியாயிற்று என்பது எம் துணிபு.

1870இல் எலிசபெத்து அம்மையார் காலமானார். நான்காண்டு கழித்து ஃபூட் மறுமணம் செய்துகொண்டார். இடைப்பட்ட ஆண்டுகளில் தென் மராட்டியப் பகுதியிலும் பல்லாரிப் பக்கத்திலும் அவர் அலைந்த அலைச்சல் பெரிது. கோகாக்குக்கு அருகில் அழிந்துபட்ட காண்டாமிருகம் ஒன்றின் எலும்புகளைக் கண்டதும், பொன் விளையும் பழம்பாறைத் தொகுதிக்குத் தார்வார் என்று பெயரிட்டு வகுத்ததும் நிலவியல் நூல்களில் அவர் பெயரை நிலைநிறுத்தின. அவற்றை விரிப்பின் பெருகும்.

1870-களின் பிற்பகுதியில் அவர் நம் பக்கம் வந்தார். 1879இல் ஆய்வுத்துறையின் வெளியீட்டில் அவர் எழுதிய அறிக்கை ஒன்று, இந்திய நிலப்பட வரிசையின் 80ஆம் ஏட்டுக்குள் அடங்கிய மதுரை மாவட்டத்து வடபகுதி, புதுக்கோட்டை அரசு, தஞ்சை திருச்சி மாவட்டங்களின் தென்பகுதி ஆகியவற்றின் நிலவியலைப் பற்றியது. அன்று புதுக்கோட்டை தொண்டைமான் மன்னரின் ஆட்சிக்குட்பட்ட தனி அரசு. அறந்தாங்கி, மணமேல்குடிப் பக்கமோ தஞ்சை மாவட்டத்தின் தென்கோடி. இவையெல்லாம் ஒன்றாகிப் புதுக்கோட்டை மாவட்டமானது 1974இல். அரசியல் எல்லை மாறினும் கல்லின் எல்லை மாறவில்லை. ஆதலின் அவர் கண்டதை இன்றும் நாம் நடந்து காணலாம்.

நடந்து காண விரும்புவார் நார்த்தாமலையிலோ சித்தன்னவாசலிலோ தொடங்குக. அங்கே நிற்பன நைசு என்னும் பழம்பாறைகள். நூறு கோடி ஆண்டுகட்கும் மேற்பட்ட வயதின. சமணர் கற்படுக்கை செதுக்கியதும், பல்லவர் பாண்டியர் காலத்தார் கோயில் குடைந்ததும் இவற்றிலேயே. கிழக்கே வரவர இக்குன்றுகள் சிறுத்து, குறைந்து, மண்ணுள் மறைகின்றன. பின்னர்க் கடலூர் மணற்கல் எனப்படும் பருமணல் அடுக்கும், அதன்மேல் செம்புறாங்கல்லும் தோன்றும். ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கத்துச் செம்மண் மேடுகள் இவற்றின் மேற்பரப்பு. அவற்றையும் கடந்தால் வண்டல் நிலம். ஏரிக்குப் பின் ஏரியாக, கண்ணுக்கெட்டிய தொலைவு தட்டை. இறுதியில் மணல் மேடுகளும் உவர்ச் சேறும் கடலும். பாறை, மணற்கல், செம்புறாங்கல், வண்டல், மணல் என இப்பட்டைகள் கரைக்கு ஏறத்தாழ இணையாகக் கிடக்கின்றன. அடுக்குகள் கடலை நோக்கி மெல்லச் சாய்கின்றன. மேற்கே பழமை, கிழக்கே புதுமை. ஒரு பெரிய தட்டின் விளிம்பினின்று நடுவை நோக்கி நடப்பதை ஒத்தது இவ்வழி. ஃபூட் தட்டு என்று கூறினார் அல்லர். ஆயினும் தட்டின் விளிம்பை அவர் பிழையின்றி வரைந்தார்.

இன்னும் ஒன்று உண்டு. அதுவே எமக்கு மிக்க வியப்புத் தருவது. சிவகங்கைக்கு அருகில், பழம்பாறை முடியும் ஓரத்தில், உருண்டைக் கற்களும் மணற்கல்லும் கலந்த அடுக்குகளை அவர் கண்டார். இவை அரியலூர்க் கடற்சிப்பி அடுக்குகளினும் முற்பட்டவை. மேற்கோண்டுவானாத் தொகுதியைச் சேர்ந்தவை என அவர் துணிந்தார். இந்த அடுக்குகள் எதனால் உண்டாயின என்பது இன்று விளங்குகின்றது. நிலம் முதன்முதல் பிளந்து தாழத் தொடங்கியபோது, உயர்ந்து நின்ற ஓரத்தினின்று உருண்டு விழுந்த கற்களே அவை. பள்ளம் பிறந்த நாளில் அதன் வாயிலில் விழுந்த கல்லை ஒருவர் கையில் எடுத்துப் பார்த்து எழுதினார். பள்ளம் உள்ளது என்பதை மட்டும் அறிந்திலர்.

1883இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களைப் பற்றிய அவருடைய விரிந்த நூல் வெளிவந்தது. தேரி என்று நாம் வழங்கும் செம்மணற் குன்றுகளையும், சாயர்புரத்துத் தேரியில் கிடைத்த சிறு கற்கருவிகளையும் அவர் ஆராய்ந்தார். இராமேசுவரத் தீவில், அலை எட்டாத உயரத்தில் இறந்துபட்ட பவளப்பாறை நிற்பதைக் கண்டு, அங்கே கடலுக்கும் நிலத்துக்கும் இடையிலான மட்டம் மாறியிருத்தல் வேண்டும் என்றார். அப்பவளத்தின் வயது ஏறத்தாழ 4000 ஆண்டு எனப் பிற்கால ஆராய்ச்சி கூறுகின்றது. இராமேசுவரத்தைப் பற்றிய தம் குறிப்புகளை அவர் வெளியிட்டது எங்கே எனின், சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் இதழில். உலகறிந்த நிலவியலார் ஒருவர் ஒரு கல்லூரி இதழுக்குக் கட்டுரை எழுதினார் என்பதை இவ்விதழைக் கையில் வைத்திருப்போர் அறிதல் நன்று.

அவர் கண்ணுக்கு மறைந்திருந்ததை இனிக் கூறுவோம். 1960-களில் எண்ணெய் தேடிக் காவிரிக் கழிமுகத்தில் ஆழத் துளையிட்டனர். நிலத்துள் அதிர்வு எழுப்பி அதன் எதிரொலியைப் பதிவு செய்தனர். ஃபூட் கண்ட விளிம்பினின்று பழம்பாறை படிப்படியாக முறிந்து தாழ்ந்து, சில இடங்களில் 5000 மீட்டருக்கும் கீழே சென்றுவிட்டது எனத் தெரிந்தது. தொட்டபெட்டா இரண்டை ஒன்றன்மேல் ஒன்று நிறுத்தினால் ஏறத்தாழ மறையும் ஆழம் அது. ஏறக்குறைய 13 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்திய நிலம் தென்துருவ நிலத்தினின்று பிரிந்தபோது, வடகிழக்குத் தென்மேற்காகப் பிளவுகள் ஓடின. சில துண்டங்கள் தாழ்ந்தன, சில நின்றன. தாழ்ந்தவை அரியலூர்–புதுச்சேரிப் பள்ளம், தரங்கம்பாடிப் பள்ளம், நாகப்பட்டினப் பள்ளம், இராமநாதபுரம்–பாக் விரிகுடாப் பள்ளம் முதலியன. நின்றவை கும்பகோணம், பட்டுக்கோட்டை–மன்னார்குடி, மண்டபம் ஆகிய ஊர்களின் பெயரால் வழங்கும் புதைந்த மேடுகள். பட்டுக்கோட்டை மேட்டுக்கும் மண்டப மேட்டுக்கும் இடையிலுள்ள தாழ்ந்த பகுதியில் மணமேல்குடி நிற்கின்றது. பட்டுக்கோட்டையில் வாழ்வார்க்குத் தாம் ஒரு புதைந்த மலையின்மேல் வாழ்வது தெரியாது. மணமேல்குடியார்க்குத் தாம் ஒரு நிரம்பிய பள்ளத்தின்மேல் வாழ்வதும் தெரியாது.

அவ்வூர்க்கு எதிரே கிடக்கும் பாக் விரிகுடாவும் ஆழமற்றதே. பெரும்பாலும் 15 மீட்டருக்கு உட்பட்ட நீர். 20,000 ஆண்டுக்கு முன், உலகின் நீர் பனியாய் உறைந்திருந்த காலத்தில், கடல் இன்றினும் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தமையால், இவ்விரிகுடா முழுவதும் உலர்நிலம். யாழ்ப்பாணத்திற்கு அன்று நடந்தே செல்லலாம். இன்று அந்த ஆழமற்ற நீரில் கடற்புல் செழித்துக் கடற்பசு மேய்கின்றது. தஞ்சை, புதுக்கோட்டைக் கரையை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பை 2022இல் தமிழ்நாட்டு அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது.

பள்ளத்தில் மண் மட்டும் நிரம்பவில்லை. மண்ணொடு புதைந்த நுண்ணுயிர்கள் ஆழத்து வெப்பத்தில் எண்ணெயும் ஆவியுமாயின. 1980-களில் நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது. அடுக்குகளின் இடைவெளியில் நீரும் நிரம்பியுள்ளது. செம்மண் மேட்டில் பெய்யும் மழை மணற்கல்லில் ஊறி, சாய்ந்த அடுக்கு வழியே கிழக்கு நோக்கி இறங்குகின்றது. கடற்கரையூரில் ஆழ்குழாய்க் கிணற்றில் நன்னீர் கிடைக்குமாயின், அது பெரும்பாலும் விளிம்பு மேட்டில் என்றோ பெய்த மழையே. மேட்டு ஏரிகள் தூர்ந்து, தாழ்நிலத்தில் நீரை மிகுதியாக இறைத்தால், நன்னீர் விலகிய இடத்திற்கு உவர்நீர் வந்து சேரும். விளிம்பில் செய்யும் பிழை நடுவில் தெரியும்.

எனவே, ஃபூட் வரைந்த அந்தப் பட்டைகள் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2017ஆம் ஆண்டு பிப்ரவரியில், புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலில் நிலத்தடி ஆவியும் எண்ணெயும் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து மக்கள் திரண்டனர். மாணவர் பலரும் சென்றனர். 2020இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை இயற்றி, தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களொடு, அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஆகிய புதுக்கோட்டை மாவட்டத்து ஒன்றியங்களையும் அதனுட் சேர்த்தது. புதிதாக எண்ணெய், ஆவி தேடித் துளையிடுதல் அங்கே தடுக்கப்பட்டது. எரிபொருள் நாட்டிற்கு வேண்டும் என்பாரும், வயலும் நீரும் முதலில் வேண்டும் என்பாரும் இன்றும் வாதிடுகின்றனர். எம்மைக் கேட்பின், நீரின் பக்கமே நிற்போம்: எண்ணெய் தீர்ந்தபின் வேறு எரிபொருள் கிடைக்கும், உவரேறிய நிலத்திற்கு மாற்று நிலம் கிடையாது. ஆயினும் எப்பக்கம் நிற்பாரும் தம் காலடியில் உள்ள அடுக்குகள் இன்னவை என அறிந்து வாதிடுதல் வேண்டும். அவ்வறிவின் முதல் ஏடு 1879இல் எழுதப்பட்டது. எழுதியவருக்கு எண்ணெய் கிடைக்கும் என்ற எண்ணமும் இல்லை, அதனால் ஊதியமும் இல்லை.

ஃபூட்டின் பிற்கால வாழ்வைச் சுருங்கச் சொல்வோம். 1880-களில் கர்நூல் நாட்டுப் பில்லசுர்க்கம் குகைகளை அகழ்ந்தார்; படைத்துறையில் இருந்த அவர் மகனாரும் அதிற் பங்கு கொண்டார். 1891இல் ஆய்வுத்துறையினின்று ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது பெயரளவே. பரோடா அரசின் நிலவியலாராகச் சென்றார். 1894இல் மைசூர் அரசு தன் நிலவியல் துறையைத் தொடங்கியபோது அதன் முதல் தலைவரானார். பின்னர் ஏற்காட்டில் வீடு அமைத்துத் தங்கினார். மாமனார் பெர்சிவல் ஐயர் 1882இல் உயிர் நீத்ததும் அவ்வூரிலேயே. தம் வாழ்நாளில் நானூறுக்கு மேற்பட்ட இடங்களில் திரட்டிய கற்கருவிகளையும் மட்கலங்களையும், கிடைத்த இடமும் நிலையும் குறித்து வைத்திருந்தார். இக்குறிப்பு இல்லையேல் அக்கற்கள் வெறுங்கற்களே. அத்தொகுதி முழுவதையும் 1904இல் சென்னை அரசு அருங்காட்சியகம் விலைக்குப் பெற்றது. அவற்றின் விளக்கப் பட்டியலை எழுதுவதிலேயே அவருடைய இறுதி ஆண்டுகள் கழிந்தன. 1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் அவர் காலமானார். பட்டியல் 1914இலும், விளக்கக் குறிப்புகள் 1916இலும் அச்சேறின. நூலை அவர் கண்ணாற் கண்டிலர்.

அவருடைய சாம்பல் ஏற்காட்டுத் திரித்துவ ஆலயத்து நிலத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் திரட்டிய கற்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன.